மூன்று கிழமையாக நான் முணுமுணுத்த பாட்டு

1

எனக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இங்கிலாந்துக்குப் போய் இவனும் காதில் வயரைச் செருகிக்கொண்டு ஆடித் திரிகிறான் என்று ஊரில் இருந்து வாசிப்பவர்கள் நினைப்பீர்கள்.

நான் ஐஸ்கிரீம் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதில் பாதி இந்த வண்டிக்குள்ளேயே போயிற்று. நாங்கள் இருப்பது வடக்கே ஒரு கடற்கரைப் பட்டணம். கடல் என்றதும் நம் ஊர் சாய்ந்தமருதுக் கடலை நினைக்க வேண்டாம். இது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும் தண்ணீர். வருடத்தில் முக்கால்வாசி நாள் நாய்களும் நாய்களைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும்தான் அதைப் பார்க்க வருவார்கள். ஜூன் மாதம் வெயில் என்று ஒன்று வரும். உடனே ஊரே உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் வந்து விழும். எனக்கு வேலை இரண்டு மடங்காகும்.

வண்டியில் இரண்டு கரைச்சல்கள் உண்டு. ஒன்று, எங்கே நிறுத்தினாலும் எஞ்சினை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பின்னால் குளிரூட்டி நின்றுவிடும், பெட்டிகள் இளகும், முதலாளி என் தோலை உரிப்பான். இரண்டு, ரேடியோவின் திருகி உடைந்துபோய் ஒரே நிலையம்தான் வரும். அதை மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் எத்தனையோ தடவை கேட்டேன். சிரிக்கிறான்.

அந்த ரேடியோவில்தான் இந்தக் கோடையில் அந்தப் பாட்டு வந்தது. பெரிய கம்பெனி எதிலும் சேராமல் நாலைந்து இளசுகள் தாங்களே செய்து தாங்களே வெளியிட்ட பாட்டாம். இப்படிப்பட்ட குழுக்களை இங்கே இண்டி பேண்ட் என்கிறார்கள். ஒரு காய்கறியின் பெயரைக் குழுவுக்கு வைத்திருந்தார்கள். கடலுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, கூட்டமாக நடந்தே போகிறார்கள், அதுதான் பாட்டு. அர்த்தம் என்று வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் தொடங்கி நாலு வரிக்குள் கை தானாக ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கிவிடும். அடியில் ஒரு தந்திக் கருவி தும் தும் என்று நடக்கும். பல்லவி முடிகிற இடத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம் கீழிருந்து கிளம்பி மேலே ஏறிப் போய், உச்சியில் மூன்று தரம் கொத்தி நிற்கும். அந்த இடம் வந்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். ஏதோ மெஷின் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அதைக் கேட்டேன். கடைக்குள் பெட்டி தூக்கும்போதும் அது வாயில் இருந்தது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யப் போன இடத்தில் நான் முணுமுணுக்க, பக்கத்தில் நின்ற பாகிஸ்தான்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

என் மனைவி நஸீமா ஒருநாள் கேட்டாள்: "என்ன, ஒரே பாட்டா இரிக்கி?"

"ரேடியோவுல போடுறான்," என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அந்தப் பார்வை அப்போது எனக்கு விளங்கவில்லை.

2

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மாமி மகன் ஜௌபர் நடத்துகிறான். கல்முனை பஸாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறான், கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் குழுவில்தான் இருப்பான். அதில் வருவது மௌத்துச் செய்தி, ஜும்ஆ வாழ்த்து, யாரோ எழுதிய நல்லுபதேசம். யாராவது இறந்த செய்தி வந்தால் நான் இன்னாலில்லாஹி மட்டும் போடுவேன். அதற்கும் ஜௌபர் விடமாட்டான்.

"என்னடா வெள்ளக்காரன், மௌத்தானாத்தான் உன்ட பேரக் காணுற. உசிரோட இரிக்கிற எங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லன்," என்று குரல் அனுப்புவான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கும் ரோசம் வந்தது. வண்டியில் இருந்தபடி அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, "வெயிலுக்கு நல்ல பாட்டு, கேளுங்க" என்று எழுதிக் குழுவில் போட்டேன். அதற்கு முன் நான் அங்கே எதையும் இப்படிப் போட்டதில்லை. போட்டுவிட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அக்காவின், எங்கள் பேச்சில் ராத்தாவின், மகள் பர்ஹானாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், மார்க்க விஷயத்தில் கண்டிப்பானவர். சம்பந்தம் முடிவானதும் ஜௌபர் அந்த வீட்டு ஆட்களையும் குழுவில் சேர்த்திருந்தான்.

அரை மணித்தியாலத்தில் ஜௌபரின் குரல் வந்தது. பின்னால் யாரோ ஆணி நிறுக்கும் சத்தம்.

"டேய் மச்சான், பாட்டு நல்லாத்தான் இரிக்கி. அதுக்குள்ள ராத்தாட குரவை எப்பிடிடா வந்த?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பைத்தியக்காரன், என்ன உளறுகிறான் என்று நினைத்தேன். அதற்குள் சின்னம்மாவின் மகள் ஒருத்தி, "ஓம், ராத்தாதான்" என்று எழுதினாள். இன்னொருத்தி, "கடசியில கொத்துறதக் கேளுங்க, வேற ஆருக்கும் அது வராது" என்றாள். பிறகு, சம்பந்தி வீட்டாரும் குழுவில் இருப்பது நினைவு வந்ததோ என்னவோ, அவை ஒவ்வொன்றாக அழிந்தன. மாப்பிள்ளையின் வாப்பா குழுவை விட்டு வெளியேறினார் என்ற வரி மட்டும் மிஞ்சி நின்றது.

நான் வண்டியை ஓரம் கட்டிப் பாட்டைத் திரும்பப் போட்டேன். பல்லவி முடிந்தது. கீழிருந்து ஏறியது. மூன்று தரம் கொத்தியது.

என் ராத்தா. என்னைத் தூக்கி வளர்த்தவள். மூன்று கிழமையாக என் காதுக்குள் குரவை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், நான் அதை விசில் என்று நினைத்து வண்டி ஓட்டியிருக்கிறேன். ஆள் யார் என்பதை விடுங்கள், அது குரவை என்பதே எனக்கு விளங்கவில்லை. இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

3

பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரிலேயே இப்போது பிறக்கும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் வாசலில் கால் வைக்கும் நேரம் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் சத்தம்தான் குரவை. ஒவ்வொருத்தியின் குரவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் ஆம்பிளைகள், "இது சரீனாட வாய், இது மர்ஜான்ட வாய்" என்று சரியாகச் சொல்லுவார்கள். ராத்தாவை மூன்று தெரு தள்ளியிருந்தும் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஒரு கலியாணம் ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளையின் கார் தெரு முனையில் தெரிந்ததும் பெண்கள் குரவையைத் தொடங்கிவிட்டார்கள். கார் மணலுக்குள் இறுகிக்கொண்டது. மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளை உள்ளே வேர்த்து வழிய இருக்கிறார், பத்துப் பேர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகிறார்கள். குரவை ஒவ்வொருத்தியாக அடங்கிப் போகிறது. மாப்பிள்ளை வாசலில் கால் வைக்குமுன் குரவையை நிற்க விடுவது சரியில்லை என்று ராத்தா மட்டும் விடவே இல்லை. மூச்சை எடுக்கிறாள், போடுகிறாள். அந்த மனிதர் கடைசியில் காரை விட்டிறங்கி நடந்தே வந்து வாசலில் கால் வைத்த பிறகுதான் நிறுத்தினாள்.

அப்படிப்பட்டவள், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடத்தோடு வாயை மூடிவிட்டாள். அவளுடைய மூத்த மகனைக் கடல் கொண்டுபோனது. நான் அப்போது இங்கே டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அவள் குரவை போடவில்லை. போகப் போகப் பள்ளிவாசல் பயான்களிலும் மார்க்கத்துக்கு இது ஆகாது என்று சொல்லத் தொடங்கினார்கள். ஊரிலும் மெல்ல மெல்ல அடங்கிப்போயிற்று. அவளைக் கேட்பாரும் இல்லை.

பிறகு யார் கேட்டது? யாருக்குப் போட்டாள்? அதுதான் எனக்கு மண்டை வெடித்தது.

4

கேட்டது என் மகள்.

சஹ்லாவுக்கு இருபத்திரண்டு வயது. இங்கிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி ஒரு பெரிய நகரத்தில் படிக்கிறாள். போன டிசம்பரில் தாயும் மகளும் ஊருக்குப் போய் ராத்தா வீட்டில் ஒரு மாதம் நின்றார்கள். நான் போகவில்லை. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அது வேறு எரிச்சல்.

நான் போனில் கத்தத்தான் தொடங்கினேன்.

"சஹ்லா! மாமிட குரவைய ஆருக்கு வித்த நீ?"

"விக்கல்ல வாப்பா. அது எங்கட பாட்டு."

"எங்கட எண்டா ஆர்ர?"

"எங்கட பேண்ட். நான் அதுல பேஸ் வாசிக்கிறன்."

"அது என்ன சாமான்?"

"அடியில தும் தும் எண்டு வருமே, அது."

ஸ்டியரிங்கில் மூன்று கிழமை நான் தட்டியது அதற்குத்தான். ஒரே பாட்டுக்குள் என் இரத்தம் இரண்டு பேர். இரண்டு பேரையும் எனக்குத் தெரியவில்லை. அதிர்ச்சி என்ற சொல்லைப் பேப்பர்காரர்கள் சும்மா சும்மா பாவித்துக் கெடுத்துவிட்டார்கள். எனக்கு இப்போது அதைவிட நல்ல சொல் தேவைப்படுகிறது.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னன். ரெண்டு தரம் சொன்னன். நீங்க வேன் ஓட்டிக்கிட்டு ஓம் ஓம் எண்டீங்க. உம்மாக்கும் தெரியும்."

அவளுடைய தமிழ் நொண்டி நொண்டித்தான் வரும். பாதியில் இங்கிலீஷுக்குள் விழுந்து எழும்பும். அன்றைக்கு ஒரு இடத்திலும் விழவில்லை. ஊரில் ஒரு நாள் மாமி, அதாவது என் ராத்தா, சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, கலியாணத்தில் என்னவோ சத்தம் போடுவீர்களாமே, எப்படி என்று இவள் கேட்டிருக்கிறாள். மாமி முதலில் சிரித்தாளாம். பிறகு கையைத் துடைத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, போட்டாளாம். போட்டு முடித்து, "இன்னும் இரிக்கி புள்ள, போகல்ல" என்றாளாம். போனில் பதிந்ததைப் பாட்டில் சேர்க்கலாமா என்று இவள் கேட்டதற்கு, சேர், பேர் மட்டும் போடாதே என்றாளாம்.

"நாங்க பேர் போடல்ல வாப்பா," என்றாள் சஹ்லா. "இங்க ஒருத்தருக்கும் தெரியா. ஊருக்குச் சொன்ன நீங்கதான்."

ஓம். நான்தான். அவ்வளவு பேரும் பொத்திப் பொத்தி வைத்ததை, பாட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிச் சம்பந்தி வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டிய மனிதன் நான்தான்.

5

ராத்தா என் போனை எடுக்கவில்லை. ஜௌபர்தான் செய்தி சொன்னான்.

"மாப்பிளட வாப்பா கொஞ்சம் யோசிக்கோணும் எண்டு சொல்லி அனுப்பியிரிக்கார்."

"என்னத்த யோசிக்கிற?"

"பொண்ணுட உம்மா வெள்ளக்காரன்ட டான்ஸ் பாட்டுல சத்தம் போட்டிருக்கா. இதுக்கு மேல என்னத்தடா யோசிக்கிற? பர்ஹானா அறைய விட்டு வெளிய வாறல்ல. நீ எதுக்கும் இன்னொரு பாட்டுப் போடாத."

நேரில் போய்க் காலில் விழுந்தாவது பேசலாம் என்றால் போக வழியில்லை. மனைவியும் மகளும் எப்போதோ குடியுரிமை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும். செத்துப்போன ராஜாக்களைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். ஐஸ்கிரீம் இறக்குகிறவனுக்கு எதற்கு அது, நான் எழுதமாட்டேன் என்று நின்றேன். வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். போன வருடமும் அந்த அட்டையில் ஒரு சிக்கல், அதனால்தான் டிசம்பரில் போகவில்லை. இந்த வருடம் என் பாஸ்போர்ட்டோடு சேர்த்து எங்கேயோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடக்கிறது. போன் எடுத்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு மெஷின் சொல்லும். முக்கியமானது என்றால் எடுத்துப் பேசு. எடுக்கமாட்டான். பாட்டுப் போடுவான். பாட்டே எனக்கு வெறுத்துப்போயிற்று.

ஒரு கிழமைக்குப் பிறகு ராத்தா தானாகவே எனக்குப் போன் எடுத்தாள்.

"ராத்தா, நான் தெரியாம..."

"கலியாணத்துக்கு நாள் வெச்சாச்சி."

மாப்பிள்ளையின் உம்மா பாலமுனையில் இருந்து ஆட்டோ பிடித்துத் தனியாக வந்தாராம். வந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கேட்டாராம்: "என்ட மூத்தவன் கலியாணத்துக்கு, ஒரு குரவையும் இல்லாம, மௌத்து வீட்டுக்குள்ள போற மாதிரிப் போன. இவனும் வாறநேரம் ஊமையாவா நிக்கப்போறீங்க? வெள்ளக்காரனுக்குப் போட்ட நீங்க என்ட மகனுக்குப் போடமாட்டீங்களா?" வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று ராத்தா கேட்டதற்கு, "அவர் அந்த நேரம் ஆம்பிளையளோட பந்தலுக்குள்ள இரிப்பார். காதும் கொஞ்சம் மந்தம்தான்" என்றாராம்.

நான் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை.

"நஜீம், சஹ்லா சொன்னா, நீ அத மூணு கெழம கேட்டியாம்."

"அது மெஷினுக்குள்ள போட்டு மாத்தியிரிக்காங்க ராத்தா. சத்தம் வேற மாதிரி..."

"ஜௌபர் ஆணி நிறுத்துக்கிட்டு ஒருக்காத்தான் கேட்டவன். அவனுக்கு விளங்கின."

"ராத்தா..."

"அந்தப் பாலமுனைப் பொம்புள என்ன முன்னப் பின்னக் கண்டதில்ல. எப்பவோ ஒரு கலியாண ஊட்டுல கேட்டவவாம். அவவுக்கும் விளங்கின. ஊரு பேசினதுக்கு நான் அழல்லடா. உனக்கு என்ட வாய் விளங்கல்ல எண்டு கேட்டுத்தான் அழுத."

அவள் போனை வைத்துவிட்டாள். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். முதலாளி ஏசியிருக்கிறான், பொலிஸ்காரன் ஏசியிருக்கிறான். இது ஏச்சுக்கூட இல்லை.

அதன் பிறகு அந்தப் பாட்டை வேறு விதமாகக் கேட்டேன். தும் தும்மை விட்டுவிட்டு அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். பெட்டி இறக்கும்போதும் காதில் வயர். ஓம், நானும் வயரைச் செருகிவிட்டேன், நினைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இனி எங்கே கேட்டாலும் பிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கை வந்தது.

6

கலியாணத்துக்கு நஸீமாவும் சஹ்லாவும் போனார்கள். என் அட்டை வரவில்லை. வரும் வரும் என்று இருந்து, அன்றைக்கும் வண்டியில்தான் இருந்தேன்.

ஊரில் பின்னேரம், இங்கே நல்ல வெயில். கடற்கரைக் கடை ஒன்றுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் பெட்டிகள் நிறைந்திருந்தன. கடைக்காரி வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் ராத்தாவின் வீடியோ அழைப்பு வந்தது.

அவள் முகம் தெரிந்தது. புதுச் சாரி. போனை வாசல் பக்கம் திருப்பினாள். ஒரு வெள்ளைக் கார், ஆட்கள், நஸீமாவின் முதுகு. பிறகு படம் உறைந்துபோயிற்று. சத்தம் மட்டும் வந்தது.

"மாப்பிள வாறார், வாறார், தள்ளி நில்லுங்க!"

குரவை எழும்பியது. ஒன்றல்ல, ஐந்தாறு வாய். ஒன்று மெலிசு. ஒன்று பாதியில் உடைந்து, யாரோ சிரிக்கிறார்கள். அதற்கு மேலே ஒன்று கீழிருந்து கிளம்பி, நீட்டமாக ஏறிப் போய் உச்சியில் நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நஜீம்," என்றாள் ராத்தா போனுக்குள். "இதுல நான் ஆரு, சொல்லு பாப்பம்."

"கடசியா வந்தது. நீட்டமாப் போனது. அது நீதான் ராத்தா. எனக்குத் தெரியும்."

ராத்தா சிரித்தாள். கோபமான சிரிப்பா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அது மாப்பிளட உம்மா. நான் இன்னும் வாயத் தொறக்கல்லடா. உனக்குக் காட்டுறதுக்கு இந்தப் போனப் புடிச்சிக்கிட்டு நிக்கன்."

உறைந்த படத்தில் அந்த வெள்ளைக் கார் அப்படியே நின்றது.

"மாப்பிள இன்னும் வாசலுக்கு வந்து சேரல்ல," என்றாள் ராத்தா. பிறகு குரல் தள்ளிப்போயிற்று. "சஹ்லா, இதப் புடி மகள். நல்லா கிட்டப் புடி, உன்ட வாப்பாக்குக் காது கேக்கா. டேய், இப்பக் கேளு."

கடைக்காரி வண்டிக் கண்ணாடியில் தட்டினாள். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. நான் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினேன்.